முடிச்சுப் போடாத பேர்

"அம்மா, நான் கேக்க மறந்துட்டேன்."

மலையிலிருந்து இறங்கி வந்த பவுனு முதலில் சொன்னது இதுதான்.

உமையாள் பானையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னத்தை மறந்தே?"

"எதுக்காக இவ்வளவு தூரம் நடந்து வந்தேனோ, அதை."

உமையாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"உட்காரு. கால் பூரா வெடிச்சுக் கிடக்கு."

"கால் கிடக்கட்டும்மா. நான் என்ன பண்ணுவேன்?"

"உட்காருன்னு சொன்னேன்."

பவுனு உட்கார்ந்தாள். கையில் வைத்திருந்த துளசி மாலையை உமையாள் வாங்கி, கொட்டகைக் காலில் இருந்த ஆணியில் மாட்டினாள்.

உமையாளுக்கு முருகன் கோயில் மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை. நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். வருஷத்தில் பாதி நாள் அவளும் எங்கேயாவது தனியாக நடந்துகொண்டிருப்பாள். காவி கட்டியதில்லை. யாருக்கும் உபதேசம் சொன்னதில்லை. யாராவது காலில் விழுந்தால், "என்ன தேடுறீங்க, எதாவது கீழே போட்டுட்டீங்களா?" என்பாள்.

பவுனைவிட வயதில் சின்னவள். ஆனாலும் பவுனுக்கு அவளை அம்மா என்றுதான் கூப்பிட வரும்.

போன வெயில் காலத்தில் உமையாள் பவுனின் ஊர் வழியாக நடந்து போனாள். பவுனு மோர் கொடுத்தாள். உமையாள் குடித்து முடித்ததும் பவுனு தன் இடுப்பில் இருந்த பிள்ளையைக் காட்டினாள்.

"மூணு வயசு முடிஞ்சிருச்சு. இன்னும் எந்திரிச்சு நிக்கல. காலுல குறையில்ல, வரும் வரும்ங்கிறாரு டாக்டரு. மலைக்குத்தானே போறீங்க? இவளுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"இவ பேரு?"

"செவ்வந்தி."

"நல்ல பேரு. நீயே வந்து சொல்லு."

"நானா? எப்படி?"

"நடந்து."

"யார் கூட?"

"யாரும் இல்லாம."

பவுனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடைக்குப் போயி ஒரு சாமானைக் கேட்டு வாங்கவே எனக்குக் கூச்சம்மா. எல்லாத்துக்கும் அவருதான் போவாரு."

"சோறு கட்டிக்கிட்டு வராதே. காசும் வேண்டாம். பசிச்சா கேளு."

"குடுக்கலைன்னா?"

"அடுத்த வீட்டுல கேளு."

"ஒத்தைப் பொம்பளையா எப்படிம்மா?"

"நான் மட்டும் பட்டாளத்தோடயா வந்தேன்? உன் வாசல்ல நின்னு மோர் குடிக்கல?"

அவ்வளவுதான் பேச்சு. உமையாள் போய்விட்டாள்.

பவுனு பல நாள் யோசித்தாள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் மாலை போட்டுக்கொண்டாள். பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டு, செருப்பில்லாமல் கிளம்பினாள்.

இப்போது அந்தப் பவுனுதான் கொட்டகையில் உட்கார்ந்து அழுகிறாள்.

"வழியைச் சொல்லு" என்றாள் உமையாள்.

"அழுகையை நிறுத்தச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

"அழுதுக்கிட்டே சொல்லு."

பவுனு சொன்னாள்.

முதல் நாள் அவளால் யாரிடமும் கேட்க முடியவில்லை. மத்தியானம் பசி கண்ணைக் கட்டியது. ஒரு வீட்டு வாசலில் போய் நின்றாள். வாய் திறக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு? ஓட்டுக் கேக்க வந்தியா? இப்ப எலெக்‌ஷன்கூட இல்லையே."

பவுனு இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"சேலை விக்கிறியா? கையில மூட்டையையும் காணோம்."

அப்புறம்தான் அந்த அம்மாள் பவுனின் கழுத்தில் இருந்த மாலையைப் பார்த்தாள். வெறுங்காலைப் பார்த்தாள்.

"அட, சாமியா! வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? கரைச்ச தவிட்டைக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேனே!"

பழைய சோறும் வெங்காயமும் வந்தது. தின்று முடிக்கிற வரைக்கும் அந்த அம்மாள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பெயர் ராக்கம்மா. யாருக்காக நடக்கிறாய் என்று கேட்டாள். பவுனு சொன்னாள்.

"செவ்வந்தியா? நடப்பா, நடப்பா. சாமி, என் பேரையும் அங்கே சொல்லு. எனக்கொண்ணும் வேண்டாம். இந்த மாடு சினை பிடிக்க மாட்டேங்குது. அதைச் சொல்லு."

"சொல்றேங்க."

"மறந்துருவே."

"மாட்டேங்க."

"மறப்பே. எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போறாங்க. இங்க வா."

ராக்கம்மாவே பவுனின் முந்தானை நுனியைப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டாள்.

"இது என் மாடு. ஞாபகம் வச்சுக்க."

அதிலிருந்து பவுனு அதையே வழக்கமாக்கிக்கொண்டாள். யார் சோறு போட்டாலும், யார் தண்ணீர் கொடுத்தாலும், அவர்கள் வேண்டுதலைக் கேட்டு ஒரு முடிச்சு.

மெயின் ரோட்டில் ஒரு பாய் கடை. சிக்கந்தர் பாய். அவள் தயங்கி நிற்பதைப் பார்த்து அவரே கூப்பிட்டார்.

"உள்ள வாம்மா. பாய் கடைன்னு யோசிக்கிறியா? டீ எல்லா ஊர்லயும் ஒரே நிறம்தான்."

டீயும் பன்னும் கொடுத்தார். காசு இல்லை என்று அவள் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது.

"நான் கேட்டேனா? நான் கேக்காததுக்கு நீ ஏன் பதில் சொல்றே?"

அவள் முந்தானையை நீட்டி, முடிச்சு எதற்கென்று சொன்னாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்ட பாய் சிரித்தார்.

"உங்க சாமிகிட்ட என் பேரா? சரி, வேண்டாம்னு ஏன் சொல்லணும். எங்கம்மாவுக்கு முட்டி வலி. தொழுகைக்கு உட்கார முடியலைன்னு அழறா. யார் கேட்டுச் சரி பண்ணினாலும் எனக்குச் சம்மதம்." பிறகு கேட்டார். "உன் பிள்ளை பேரு என்னம்மா? நானும் துவா கேக்குறேன்."

"செவ்வந்தி, பாய்."

இன்னொரு நாள் நல்ல மழை. ஒதுங்க இடமில்லாத வயல்காட்டு ரோடு. எதிரே ஒருத்தன் தள்ளாடிக்கொண்டு வந்தான். வாசனை தூரத்திலேயே வந்தது. பவுனு ரோட்டின் ஓரத்துக்குப் போனாள்.

"வீட்ல கிடக்க மாட்டீங்களா?" என்று அவன் கத்தினான். "மழையில நனைஞ்சு செத்தா முருகனுக்குத்தானே கெட்ட பேரு! அவரு என்ன, உன்னை நடந்து வான்னு ஃபோன் பண்ணினாரா?"

பவுனு வேகமாக நடந்தாள். பின்னாலிருந்து காலடிச் சத்தம் வந்தது. அவள் ஓடினாள். அவனும் ஓடினான். மூச்சு வாங்க வந்து அவன் நீட்டியது ஓர் உரச் சாக்கு. அவன் தலையில் போட்டிருந்ததுதான்.

"தலையில போட்டுக்க. நான் எப்பவுமே நனைஞ்சவன்."

அவன் பெயர் மாயழகு. எங்கே அவளுக்குப் பயமாக இருக்குமோ என்று, எட்ட நின்றே பேசினான்.

"எனக்கும் ஒரு முடிச்சுப் போடு. குடியை விடணும்னு கேளு. இல்ல, வேண்டாம். அது நடக்காது. பெரிய ஆளுகிட்டப் பொய் சொல்லக்கூடாது. என் பொண்டாட்டி அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. திரும்பி வரணும்னு மட்டும் கேளு. பேரு தெய்வானை. உம் புள்ளைக்கு என்ன?"

மழையில் நின்று அவள் சொன்னாள். அவன் சாக்கு இல்லாமல் நின்று கேட்டான்.

"இப்படி எத்தனையோ பேரும்மா" என்றாள் பவுனு. "நான் பொறந்ததிலேருந்து அத்தனை பேருகிட்டப் பேசினதில்லை. ஒருத்தர்கூட என்னை வெறுங்கையா அனுப்பலை. இன்னாரு, எந்தச் சாதி, எந்த ஊரு எதுவும் கேக்கலை. எதுக்கு நடக்குறேன்னு மட்டும் கேட்டாங்க. ஊர் உலகம் கெட்டுப் போச்சுன்னு டிவியில சொல்றாங்களே, அந்த உலகம் எந்தப் பக்கம்மா இருக்கு? நான் வந்த ரோட்டுல இல்லை."

"சரி, மலையில நடந்ததுக்கு வா" என்றாள் உமையாள்.

பவுனு முந்தானையை விரித்துக் காட்டினாள். நுனி முழுக்கக் கசங்கி, வெற்றுத் துணியாக இருந்தது.

"சந்நிதியில என் முறை வந்துச்சு. ஒவ்வொரு முடிச்சா அவிழ்த்துப் பேரைச் சொன்னேன். மழையில நனைஞ்சு இறுகிப் போயிருந்துச்சு. நகத்தால முடியல, பல்லால கடிச்சு அவிழ்த்தேன். பின்னால சத்தம் போடுறாங்க. நகரும்மா, நகரும்மான்னு தள்ளுறாங்க. நான் விடலை. மாடு, முட்டி வலி, தெய்வானை... யாரையும் விடலை. கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் மனசு அப்படி லேசாயிருச்சு. எல்லாரையும் சொல்லிட்டேன்னு சந்தோஷம். விபூதி வாங்கிட்டு இறங்கிட்டேன்."

"ம்."

"கீழ வந்து, வழக்கப்படி வேப்ப மரத்தடியில மாலையைக் கழற்றிட்டேன். அங்கே ஒரு குழந்தை அம்மா விரலைப் பிடிச்சுக்கிட்டுத் தத்தித் தத்தி நடந்து போச்சு. அப்பத்தான்..."

பவுனு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

உமையாள் கேட்டாள். "செவ்வந்திக்கு முடிச்சுப் போடலையா?"

"அவளுக்கு எதுக்கும்மா முடிச்சு? நான் பெத்த பிள்ளை. எனக்கு மறக்குமா?"

சொல்லிவிட்டுப் பவுனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மறுபடி ஏறிப் போயிச் சொல்லு. படி அங்கேயேதான் இருக்கு."

"மாலையைக் கழற்றியாச்சே! எங்க ஊர்ல மாலையைக் கழற்றினா நடை முடிஞ்சது. அதுக்கப்புறம் ஏறுறதெல்லாம் சும்மா சுத்திப் பாக்குறதுதான். கழற்றின மாலையைத் தனக்கு வேணும்னு திரும்பப் போடக்கூடாது, அடுத்தவங்களுக்காகன்னாத்தான் போடலாம். மறுபடி ஊர்லேருந்து நடக்கணும். இனி மழை, அப்புறம் அறுப்பு. அதுவரைக்கும் எம்பிள்ளை இந்த இடுப்புலயேதான் கிடக்கணும்."

உமையாள் காலிக் குடத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

பவுனுக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் யாரிடமும் அவள் குரலை உயர்த்தியதில்லை.

"அன்னைக்கு மோர் குடிச்சீங்களே! ஒரு முடிச்சுப் போட உங்க முந்தானையில இடமில்லையா? நீங்க கொண்டு போயிருந்தா மறந்திருக்க மாட்டீங்க. ஒண்ணும் தெரியாத என்னை நடக்க விட்டீங்க. நான் ஊர்ல இருக்கிற அத்தனை பேரு பேரையும் சொல்லிட்டு எம்பிள்ளையை விட்டுட்டேன்."

உமையாள் எழுந்தாள். தண்ணீர் மொள்ளும் சொம்பை எடுத்துப் பவுனின் கையில் வைத்தாள்.

"பானை காலியாகிற வரைக்கும் ஊத்து. அப்புறம் ஊருக்குப் போ."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ஒரு ஆறுதலாவது சொல்லக் கூடாதாம்மா?"

"தண்ணி ஊத்துற வேலைதான் எனக்குத் தெரியும்."

பவுனு மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். நடந்து வந்த ஒரு கூட்டம் கொட்டகைக்குள் நுழைந்தது. கையேந்தினார்கள். ஊற்றினாள்.

"மோர் கிடையாதா தாயி?" என்றார் ஒருத்தர்.

"மோர் குடிக்க வந்தீங்களா, முருகனைப் பாக்க வந்தீங்களா?" என்று உள்ளேயிருந்து உமையாள் கேட்டாள்.

"மோர் குடிச்சுட்டுப் போனா அவரு பாக்க மாட்டேன்னா சொல்வாரு?"

சிரித்துக்கொண்டே போனார்கள். பவுனுக்குச் சிரிப்பு வரவில்லை. பானையில் தண்ணீர் பாதியாயிற்று. அதற்கும் கீழே போயிற்று.

வெயில் சாய்கிற நேரத்தில் ஒருத்தன் தனியாக வந்தான். நல்ல ஆகிருதி. வெறுங்கால். தோளில் ஒரு துண்டு. வந்ததும் தொப்பென்று தரையில் உட்கார்ந்தான்.

"ஊத்துங்கம்மா. குடிக்கிறதுக்கும், தலைக்கும்."

பவுனு ஊற்றினாள். அவன் துண்டால் முகத்தைத் துடைக்கவில்லை. துண்டு தோளிலேயே இருக்க, வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டான்.

"துண்டு இருக்கே, அதுல துடைக்கலாமே?" என்றாள் உமையாள்.

"இதுலயா? தொடவே பயமா இருக்கும்மா." அவன் துண்டை எடுத்துக் காட்டினான். நான்கு ஓரமும் முடிச்சு. "நான் நெல்லு அறுக்குற மெஷின் ஓட்டுறவன். பேரு இருளப்பன். தனியா நடந்து வர்றது இதுதான் முதல் தடவை. எனக்கு இந்த முடிச்சு வழக்கமெல்லாம் தெரியாது. வழியில ஒரு அம்மா சோறு போட்டுச்சு. உனக்கு முன்னால போன பொண்ணு முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போச்சு, நீயும் முடின்னு சொல்லி, அதுவே முடிஞ்சு விட்டுருச்சு."

பவுனின் கையில் சொம்பு நின்றது.

"யாருக்காம் அந்த முடிச்சு?" என்றாள் உமையாள்.

"மாடு ஒண்ணு கட்டியிருந்துச்சு. மாட்டுக்கா ஆத்தான்னு கேட்டேன். மாடு கிடக்கு விடு, செவ்வந்தின்னு ஒரு புள்ள மூணு வயசாகியும் நடக்கலையாம், அதைச் சொல்லுன்னுச்சு."

அவன் அடுத்த முடிச்சைத் தடவினான்.

"இது டீக்கடை பாய். அவருக்கு என்னன்னு கேட்டா, இவரும் அதே புள்ள பேரைச் சொல்றாரு. உங்க சொந்தமா பாய்ன்னு கேட்டேன். அம்மா பேரே கேக்கலை, பிள்ளை பேருதான் தெரியும்ங்கிறாரு. எங்க பக்கம் நான் கேட்டுட்டேன், உங்க பக்கம் நீ கேளுன்னாரு."

"ம்."

"இதைப் பாருங்க. இது ரெட்டை முடிச்சு. ரோட்டுல ஒரு குடிகாரன். ஒண்ணு போட்டா அவிழ்ந்துரும், ரெண்டாப் போடுன்னு நின்னுக்கிட்டான்."

"தெளிவா இருந்தானா?"

"எங்கேருந்து? நிக்கவே முடியல. ஆனா அந்தப் பேரை மட்டும் தெளிவாச் சொன்னான்."

இருளப்பன் துண்டை மடியில் விரித்துப் பார்த்தான்.

"வழி நெடுகிலும் இதே கதைதாம்மா. வேற வேற வீடு, வேற வேற ஆளு, ஒரே புள்ள. யாரு பெத்த புள்ளையோ! எனக்கே இப்ப அது நடக்கலைன்னா தூக்கம் வராது போல இருக்கு."

சொம்பிலிருந்த தண்ணீர் பவுனின் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

உமையாள் அவளைப் பார்க்கவே இல்லை. தகரத்தில் எங்கே ஓட்டை என்று பார்க்கிறவள் மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருளப்பன் எழுந்து காலை உதறினான். துண்டைப் பத்திரமாகத் தோளில் போட்டான்.

"வர்றேம்மா. இருட்டுறதுக்குள்ள ஏறணும்."

"அண்ணே" என்றாள் பவுனு.

அவன் திரும்பினான்.

"உங்களுக்கு எந்த முடிச்சு?"

"எனக்கா?" அவன் தலையைச் சொறிந்தான். பிறகு பெரிதாகச் சிரித்தான். "எனக்கு எதுக்கும்மா முடிச்சு? என் வேண்டுதல் எனக்கு மறக்குமா?"

உமையாள் அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. கொட்டகை அதிரச் சிரித்தாள்.

பவுனு சிரிக்கவில்லை. பானையைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு சொம்புதான் இருந்தது. அதை மொண்டு முகத்தைக் கழுவிக்கொண்டாள். ஆணியில் தொங்கிய மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டாள்.

முந்தானை நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் எதிரே வந்து நின்றாள்.

"சொல்லுங்கண்ணே. உங்களுக்கு என்ன கேக்கணும்?"